ஓடம் ஏறிய கட்டில்

ஆற்றுக்குப் பாலம் கட்டும் வித்தை யாருக்கும் கைவராத காலம் அது, கேளுங்கள். பொருநை ஆற்றின் வடகரையில் வெண்ணி என்று ஒருத்தி இருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த தாயை எட்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டாள். தாய் கண்ணை மூடியபோது வெண்ணிக்கு வயது நாற்பது.

வீடும் வயலும் அண்ணன் கண்டனுக்குப் போயின. தாய் படுத்திருந்த பலாமரக் கட்டில் மட்டும் வெண்ணிக்கு வந்தது. அடுத்த தை மாதம் அவள் ஓடக்காரன் சேந்தனை மணந்தாள். அவன் குடிசையில் இரண்டு பேர் படுத்தால் மூன்றாவதாக ஒரு பூனைக்குத்தான் இடம்.

"கட்டில் உள்ளே வந்தால் நாம் வெளியே போக வேண்டியதுதான்" என்றான் சேந்தன். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான்.

விற்றுவிடு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. விறகாக்கு என்றான் செக்காட்டுகிறவன். என் வீட்டுப் பரணில் போடு, துணியால் மூடி வைக்கிறேன் என்றான் அண்ணன். மூன்றுக்கும் வெண்ணியின் மனம் ஒப்பவில்லை.

மூன்று நாள் யோசித்தாள். பிறகு தச்சரைக் கூப்பிட்டாள்.

"ஓடத்தில் வயதானவர்கள் உட்கார இடமில்லை. இந்தக் கட்டிலைக் கொண்டு ஓர் இருக்கை செய்து கொடுங்கள்."

தச்சர் மூன்று முறை ரம்பத்தை வைத்தார். மூன்று முறையும் எடுத்துவிட்டார். "அறுத்தால் திரும்ப ஒட்டாது, அம்மா."

"தெரியும். நான் காட்டும் இடத்தில் மட்டும் அறுங்கள்" என்றாள் வெண்ணி. அறுத்து முடியும்வரை மறுமுனையை அவளே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு முதியவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் ஓடத்தில் உட்கார்ந்தே ஆற்றைக் கடந்தார்கள். ஆளில்லாத உச்சிப்பொழுதில் வெண்ணியும் சேந்தனும் அதில் அமர்ந்து கஞ்சி குடிப்பார்கள்.

கண்டன் காதுக்குச் செய்தி எட்டியது. கொதித்துப்போனான். தென்கரையில் இருந்த ஊர்த்தலைவரிடம் முறையிட்டான். "கண்டவர்களும் உட்காரவா எங்கள் அம்மாவின் கட்டில்? பிரித்து என்னிடம் தரச் சொல்லுங்கள்."

தலைவர் இருவரையும் எதிரே நிறுத்தினார். "மூன்று கேள்விகள் கேட்கிறேன். உங்கள் அம்மா எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார்?"

கண்டன் விழித்தான். "இடப்பக்கம். அப்படிப் படுத்தால்தான் ஆறு தெரியும்" என்றாள் வெண்ணி.

"எதைப் பிடித்து எழுவார்?"

இதற்கும் வெண்ணிதான் பதில் சொன்னாள். "தலைமாட்டுச் சட்டத்தை. அவள் பிடித்துப் பிடித்தே அந்த இடம் வழவழப்பாகிவிட்டது. அதை அறுக்கவில்லை. ஓடம் ஆடும்போது எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்."

"கடைசியாக அந்தக் கட்டிலில் கிடந்து என்ன கேட்டார்?"

வெண்ணி அண்ணனைப் பார்த்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இருந்தது. தலைவர் காத்திருந்தார்.

"கண்டன் வந்தானா என்று கேட்டாள். அறுப்பு வேலையாக இருப்பான், தொந்தரவு செய்யாதே என்று பிறகு அவளே சொன்னாள்."

"கட்டில் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது" என்று சொல்லித் தலைவர் எழுந்துவிட்டார்.

வீடு திரும்பக் கண்டனுக்கு வேறு வழியில்லை. சேந்தனின் ஓடத்தில்தான் ஏற வேண்டும். ஏறியவன் ஓரமாக நின்றான்.

"உட்கார் அண்ணா. உனக்கும் அவள் அம்மாதானே" என்றாள் வெண்ணி.

உட்கார்ந்தான். நடு ஆற்றில் ஓடம் ஆடியது. அவன் கை தானாகச் சட்டத்தைப் பற்றியது. வடகரை வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. சேந்தன் அவசரப்படுத்தவும் இல்லை.

அதுமுதல் வேலை ஓய்ந்த நாட்களில் கண்டன் வருவான். அக்கரையில் காரியம் எதுவும் இருக்காது. போவான், வருவான். சில நாள் துடுப்பையும் அவனே வாங்கிப் போடுவான். தங்கை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெற்றோர் விட்டுப்போன பொருளை மூடி வைப்பதைவிட, அவர்கள் நினைவு மறையாமல் நாலு பேருக்குப் பயன்பட வைப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.