லிஃப்ட்டில் அகப்பட்ட பாஸ்போர்ட் அதிகாரி

திருச்செங்கோட்டுச் செங்கோடன் கை வைத்தால் எந்த லிஃப்ட்டும் எழுந்து ஓடும். வளைகுடா நாட்டில் பன்னிரண்டு வருஷமாக அதுதான் அவன் தொழில். ஆனால் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் நாலு மாதமாக வரவில்லை. அது வரும்வரை வேலையைத் தொடாதே என்று கம்பெனி அவனை உட்கார வைத்துவிட்டது. விசாவும் இன்றோடு முடிகிறது.

அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எப்போது போய்க் கேட்டாலும் பாஸ்போர்ட் அதிகாரி ரகோத்தமன் தலையை நிமிர்த்தாமலே, "ஃபைல் நகர்ந்துகிட்டுத்தான் இருக்கு, காத்திருய்யா" என்பார்.

இன்று காலை செங்கோடன் போனபோது, தூதரக லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றிருந்தது. உள்ளே ரகோத்தமன். கதவிடுக்கில் இவனைக் கண்டதும் கத்தினார்.

"நீ லிஃப்ட் மெக்கானிக்தானே? சீக்கிரம் திறய்யா, மூச்சு முட்டுது!"

"பாஸ்போர்ட் இல்லாம ஸ்பேனரைத் தொடக்கூடாதுன்னு கம்பெனி உத்தரவுங்க சார். வேற ஆள் வருவாரு. லிஃப்ட் நகர்ந்துகிட்டுத்தான் இருக்கு, காத்திருங்க."

ரகோத்தமன் உள்ளிருந்தே போன் போட்டார். ஐந்தே நிமிஷத்தில் அவர் மேஜை இழுப்பறையிலிருந்து புது பாஸ்போர்ட் வந்தது. அச்சாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

செங்கோடன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேலே போய் ஒரு சுவிட்சைத் தட்டினான். லிஃப்ட் இறங்கியது.

வேர்வையைத் துடைத்தபடி வெளியே வந்த ரகோத்தமன், "அப்படி என்னய்யா பழுது இதுல?" என்றார்.

விசா அலுவலகத்துக்குக் கிளம்பிய செங்கோடன், டோக்கனோடு வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"பழுதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். என் ஃபைல் மாதிரிதான். ஒரு ஆள் கை வெச்சா நகரும்."