ரவுண்டானாவில் இறங்கியவர்

எத்திராஜுக்கு ஐம்பது வயதில் ஒரு குரு கிடைத்தார். அவர் அலுவலகத்திலேயே தட்டச்சராக இருந்த ரஹீமா. இவரைவிட இரண்டு வயது இளையவர். கல்லூரி நாளிலிருந்து சைக்கிளை விடாதவர்.

எத்திராஜ் குடிமாறிய புது வீட்டுப் பக்கம் பஸ் கிடையாது. அவரோ அதுவரை சைக்கிளைத் தொட்டதில்லை. சின்ன வயதில் விழுந்துவிடுவோம் என்ற பயம். பெரியவனானதும் சிரிப்பார்களே என்ற பயம்.

"மேடம், எனக்கு வருமா?"

"ஏறுங்க சார், பார்ப்போம்."

ரைஸ்மில் மைதானத்தில் சாயங்காலம்தோறும் பாடம் நடந்தது. ரஹீமா சொல்லிக்கொடுத்தார். அவர் கணவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். ஒருநாள் திரும்பிப் பார்த்தால், பின்னால் யாருமே இல்லை. சைக்கிள் தானாக ஓடிக்கொண்டிருந்தது. எத்திராஜ் தனியாகச் சிரித்தார்.

முதல்முறை சைக்கிளில் அலுவலகத்துக்குக் கிளம்பிய அன்று ரஹீமா விடுப்பு. எத்திராஜ் தனியாகவே போனார். வேப்பமர நிழலும் காற்றும் சுகமாக இருந்தன. ரவுண்டானா வந்ததும் நாலு பக்கமும் பஸ். நெல் லாரி ஒன்று முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. எத்திராஜ் சட்டென்று இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

டீக்கடையில் நின்றிருந்த கணக்குப் பிரிவு தேவசகாயம் பார்த்துவிட்டார்.

"என்னய்யா எத்திராஜு, சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?"

கடையே சிரித்தது.

மறுநாள் எத்திராஜ் நடந்தே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சைக்கிள் எங்க சார்?" என்றார் ரஹீமா.

"வித்துடலாம்னு பார்க்கிறேன். ரவுண்டானாவுல ஓட்டத் தெரியாதவன் சைக்கிள்ல வர்றேன்னு எப்படிச் சொல்லிக்கிறது? அதுக்கு ஏதாவது வித்தை இருக்கா மேடம்?"

"நாளைக்குக் காலையில சேர்ந்து போவோம்."

அடுத்த நாள் ரஹீமா முன்னால் போக, எத்திராஜ் பின்னால் போனார். குரு எந்தப் பக்கம் பார்க்கிறார், எப்போது பிரேக் பிடிக்கிறார் என்று கண் கொட்டாமல் கவனித்தார். ரவுண்டானா நெருங்கியது. வழக்கத்தைவிட நெரிசல். ரஹீமாவின் வேகம் குறைந்தது.

இப்போது காட்டப்போகிறார் என்று எத்திராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

ரஹீமா இறங்கினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடந்தார். டீக்கடையில் தேவசகாயம் கிளாஸும் கையுமாக நின்றார். ரஹீமா அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

எத்திராஜும் இறங்கித் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் கேட்டார்.

"எனக்காக இறங்கினீங்களா மேடம்?"

"இல்ல சார். பஸ்ஸுக்காக."

"இத்தனை வருஷமா ஓட்டுறீங்களே?"

"ரோடு காலியா இருந்தா ஓட்டிக்கிட்டே போயிடுவேன். கூட்டமா இருந்தா இறங்கிடுவேன்."

"பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

ரஹீமா பெடலில் கால் வைத்தார்.

"நாம ஆபீசுக்குத்தானே சார் போறோம்?"