தார்ரோடு தந்த தங்கம்

மொக்கச்சாமிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. காலையிலிருந்து அவன் ஆட்டோவின் மேல் கட்டிய ஸ்பீக்கர் ஒரே பதிவைத்தான் அலறிக்கொண்டிருந்தது: "ஏழாவது வார்டுக்குத் தார்ரோடு தந்த தங்கம், உங்கள் கவுன்சிலர் தனுஷ்கோடி!"

அந்தத் தங்கமே எதிரில் வந்து கத்தியது: "அஞ்சு மணியோட பிரச்சாரம் முடியுது. அரைமணி நேரத்துல எட்டுத் தெருவையும் சுத்திரணும். இல்லேன்னா இந்த ஊர்ல நீ ஆட்டோ ஓட்ட முடியாது!"

"சுத்திரலாம்ணே. ஸ்பீக்கர்ல சொல்ற அந்த ரோடு எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க. காலையில இருந்து தேடுறேன்."

"கண்ணு அவிஞ்சா போச்சு? எடுறா வண்டிய!" தனுஷ்கோடி தானே ஏறி உட்கார்ந்து வழிகாட்டினார்.

மூன்றாவது தெருவிலேயே முன்சக்கரம் சேற்றுப்பள்ளத்தில் இறங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனுஷ்கோடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடங்களை அப்படியே வைத்துவிட்டுக் கூடிவிட்டார்கள். ஸ்பீக்கர் மட்டும் ஓயவில்லை: "தார்ரோடு தந்த தங்கம்..."

"மொதல்ல அதை நிறுத்துறா!"

"எப்படிண்ணே நிறுத்துறது?" என்றான் மொக்கச்சாமி. "அஞ்சு வருசமா இந்தத் தெரு உங்களைப் பார்த்ததே இல்ல. நிறுத்திட்டா, தள்ளுறது யாருன்னு இவுகளுக்கு எப்படித் தெரியும்?"