ஒரு சிட்டிகை மாக்கல் பொடி

மலையடிவாரக் காட்டில் சடைச்சி என்று ஒரு கரடி இருந்தது. உச்சிப் பாறையில் தேனடை தொங்கினால் போதும், அதற்குக் கால் தரையில் நிற்காது! அப்படிப்பட்ட கரடி, அந்த வருஷம் பத்தடி நடப்பதற்குள் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டிருந்தது.

காட்டுக்கு வைத்தியர் முள்ளம்பன்றி. தன் முள் ஒன்றைக் குடைந்து குழாயாக்கி, கரடியின் விலாவில் செருகி நீரை இறக்கினார். "அப்பாடா!" என்று கரடி எழுந்து உட்கார்ந்தது. அந்த நிம்மதி நாலே நாள்தான். ஐந்தாம் நாள் மறுபடியும் நீர்! இப்படியே ஏழு தடவை ஆயிற்று.

"வைத்தியரே, இன்னும் எத்தனை நாள் தாங்குவேன்? செத்துத்தான் போவேன் போல!" என்று அழுதது கரடி.

வைத்தியர் யோசித்தார். "நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் இடம் இருப்பதால்தானே நீர் தேங்குகிறது? உறுத்துகிற பொடி ஏதாவது உள்ளே தூவினால், இரண்டும் லேசாகப் புண்ணாகி, ஆறும்போது ஒட்டிக்கொள்ளும். எந்தப் பொடி, எவ்வளவு என்றுதான் தெரியவில்லை."

அவருக்கு எடுபிடியாக ஒரு நரி இருந்தது. வேலை கொஞ்சம், வாய் அதிகம்! "இதுக்கா இவ்வளவு யோசனை? முயல்களுக்குப் போட்டுப் பார்த்தால் போச்சு! அதுகள்தான் புதருக்குப் புதர் கிடக்கே!" என்றது.

புதருக்குள்ளிருந்து முத்துப்பேச்சி என்ற முயல் விறுவிறுவென்று வெளியே வந்தது. "என் உடம்பில் போடுகிற மருந்துக்கு என்னைக் கேட்க வேண்டாமா?"

வைத்தியருக்கு வெட்கமாகிவிட்டது. "நியாயம்தான் தாயி. உனக்குச் சம்மதமா?"

"கரடி அக்கா மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்க எனக்கும் தாங்கவில்லை. சம்மதம்! ஆனால் நக நுனி அளவில் ஆரம்பியுங்கள். போதும் என்றால் நிறுத்துங்கள். நாங்கள் பட்டது என்ன என்று தினமும் உட்கார்ந்து கேளுங்கள்."

மூன்று முயல்கள் முன்வந்தன. ஒன்றுக்கு முள் குழாய் வழியே நெஞ்சுக்குள் சாம்பல் தூவினார். இருமலோடு சரி, எதுவும் ஒட்டவில்லை. இன்னொன்றுக்கு எருக்கம்பால் ஒரு துளி விட்டதுமே அது "போதும்!" என்று அலறியது. வைத்தியர் பதறிப்போய் நிறுத்தி, நாலு நாள் கூடவே இருந்து தேற்றினார்.

முத்துப்பேச்சிக்கு மாக்கல் பொடி. சட்டி குடைகிறார்களே, அந்த வழவழப்பான கல்லின் பொடிதான். இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் புல் மென்றது. பத்தாம் நாள் வைத்தியர் அதன் நெஞ்சில் காதை வைத்தார். மருந்து போட்டதிலிருந்து கேட்ட உரசல் சத்தம் இப்போது இல்லை!

"ஒட்டிக்கொண்டது! ஒட்டிக்கொண்டது!" என்று அவர் குதித்தார். குதித்த வேகத்தில் பக்கத்தில் நின்ற நரிக்கு நாலு முள் குத்தியது. பாவம், யாரும் கவனிக்கவில்லை.

கரடியின் முறை வந்தது. நீரை இறக்கியதும், நரி ஒரு கை நிறையப் பொடியை அள்ளிக்கொண்டு ஓடி வந்தது.

"நிறுத்து!" என்று கத்தியது முத்துப்பேச்சி. "அவ்வளவு போட்டால் அக்கா பிழைக்காது!"

"போடி! நீ இத்தனூண்டு. இது மலை மாதிரி உடம்பு. அள்ளிப் போட்டால்தான் ஒட்டும்!"

கரடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. "நரியே, மருந்து போட்ட இரண்டாம் நாள் எப்படி இருக்கும்?"

"அது... சும்மா ஜம்மென்று இருக்கும்!"

"நீ சொல்லு தங்கச்சி."

"இரண்டாம் நாள் மூச்சை இழுத்தாலே முள் குத்துகிற மாதிரி வலிக்கும் அக்கா. நக நுனி அளவுக்கே எனக்கு அந்தப் பாடு. உங்கள் கனம் எங்களில் ஐம்பது பேர் கனம். ஐம்பது நக நுனி சேர்ந்தால் ஒரு சிட்டிகை. அதற்கு மேல் வேண்டாம்!"

"நரியே, போய்க் கையைக் கழுவு!" என்றது கரடி.

வைத்தியர் ஒரு சிட்டிகைதான் தூவினார். இரண்டாம் நாள் கரடி மண்ணைப் பிறாண்டியது. முத்துப்பேச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து, "நான் சொன்ன வலி இதுதான் அக்கா. நாளைக்குக் குறைந்துவிடும்" என்றது. சொன்னபடியே குறைந்தது.

ஐந்தாம் நாள் நீர் வரவில்லை. மாதம் ஒன்று ஆகியும் வரவில்லை! ஒரு காலையில் சடைச்சி மூச்சு வாங்காமல் உச்சிப் பாறை ஏறி, வயிறு முட்டத் தேன் குடித்தது. இறங்கும்போது இரண்டு கையும் கொள்ளாமல் இளம்புல் பறித்து வந்து மூன்று முயல்களுக்கும் முன்னால் போட்டது.

"இந்த மூச்சு நீங்கள் கொடுத்தது. சாப்பிடுங்கள்!" என்றது.

ஆகவே, யார் உடம்பில் சோதித்து ஒன்றைத் தெரிந்துகொண்டோமோ, அவர் சொல்லைக் கேட்ட பிறகே அதை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்.