தணிகாசலத்தின் முறை

"மேடம், ஆறு மாசமா நான் ஒரு தப்புகூட வாசிக்கல. எனக்கு ஏன் சோலோ தரமாட்டேங்கறீங்க?"

"அதனாலதான் அங்கிள்," என்றாள் பியூலா.

கேட்டவர் தணிகாசலம். வயது அறுபத்தொன்று. ஒரு மாவட்டத்து போலீஸ் பேண்டில் முப்பத்திரண்டு வருடம் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர்.

பதில் சொன்னவளுக்கு முப்பத்து நாலு வயது. பெரம்பூரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். வாரக்கடைசியில் பெரிய வயலின் போலிருக்கும் ஆளுயர பேஸ் வாத்தியத்தை ஆட்டோவில் படுக்கவைத்துக்கொண்டு ஜாஸ் வாசிக்கப் போவாள்.

தன்னைவிட இருபத்தேழு வயது இளையவளை தணிகாசலம் மேடம் என்றுதான் கூப்பிடுவார். குழுவுக்குத் தலைமை யாரோ அவருக்கு விறைப்பாக நின்று பழகிய உடம்பு. மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பார்த்து பியூலா விட்டுவிட்டாள்.

குழுவில் மொத்தம் நாலு பேர். பியூலா பேஸ், ஆல்வின் கீபோர்டு, சாதிக் டிரம்ஸ், தணிகாசலம் கிளாரினெட்.

ஞானஸ்நான விருந்து, நிச்சயதார்த்தம், ரயில்வேக்காரர் யாராவது ரிட்டயர் ஆகும் விழா என்று யார் கூப்பிட்டாலும் போவார்கள். வாசிப்பது உலகத்தில் எல்லா ஜாஸ்காரர்களும் வாசிக்கும் அதே பழைய பாட்டுகள்தான்.

வாசிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் எல்லோரும் சேர்ந்து பாட்டை உள்ளபடி ஒருதரம் வாசிப்பார்கள். அடுத்து அதே நீளத்துக்கு ஒருவர் மட்டும் தன் மனம்போல வாசிக்க, மற்ற மூவரும் கீழே தாங்கிக்கொண்டிருப்பார்கள்.

அதுதான் சோலோ. யாருக்கு என்று முன்கூட்டியே சொல்வதில்லை. பியூலா யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாளோ அவர் முறை.

ஆறு மாதமாக அந்தத் தலை தணிகாசலத்தின் பக்கம் அசையவில்லை.

அது அவருக்கு வலித்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வலித்தது. முப்பத்திரண்டு வருடம் யாரோ எழுதியதை எழுதியபடி வாசித்தவர். தனக்கென்று ஒன்றை வாசித்துவிட வேண்டும் என்றுதான் இந்தக் குழுவில் வந்து சேர்ந்தார்.

"ஆல்வின் போன வாரம் மூணு தப்பு பண்ணான். நான் எண்ணிட்டேதான் இருந்தேன்."

"நாலு," என்றாள் பியூலா. "ஒண்ணை விட்டுட்டீங்க."

"அவனுக்கு ரெண்டு சோலோ குடுத்தீங்க."

"ஆமா."

"இது நியாயமா மேடம்?"

கடைக்கு ஒரு பெண் ஆதார் அட்டையோடு வந்தாள். பியூலா அவளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

தணிகாசலம் விடவில்லை. மறுநாள் காலையிலேயே கடை திறக்கும் நேரத்துக்கு வந்து நின்றார். கையில் நாலு பக்கம். நீல மையில், ரூல் தடி வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு சுரமும் கடுகு கடுகாகக் குறித்திருந்தது.

"என்ன அங்கிள் இது?"

"என் சோலோ. நானே உக்காந்து எழுதினது. தினம் மொட்டை மாடியில நாப்பது தடவை வாசிக்கிறேன். தூக்கத்துல எழுப்பினாலும் வாசிப்பேன்."

பியூலா அதை வாங்கி ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இல்லை என்று பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

நாலு பக்கத்தையும் மெஷினில் வைத்துப் பட்டனை அழுத்தினாள். சூடாக நாலு தாள் வெளியே வந்தது. இரண்டு கட்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல உங்க சோலோ எது?"

"இது," என்று நீல மைக் கட்டைத் தொட்டார்.

"அப்ப அது?"

"அது ஜெராக்ஸ்."

"நாளைக்கு நீங்க வாசிக்கறப்போ இந்த ரெண்டுல எது கேக்கும் அங்கிள்?"

தணிகாசலம் இரண்டு கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வழியெல்லாம் யோசித்தார். ஆல்வின் தப்பு பண்ணுகிறான், அவனுக்கு சோலோ கிடைக்கிறது. நான் பண்ணவில்லை, எனக்குக் கிடைக்கவில்லை. விஷயம் இவ்வளவுதானா என்று நடுத்தெருவில் நின்று சிரித்தே விட்டார்.

அந்தச் சனிக்கிழமை அயனாவரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். மூன்றாவது பாட்டின் நடுவில் கிளாரினெட்டிலிருந்து தப்பாக ஒரு சுரம் வந்தது. சுத்தமான, தெளிவான, கம்பீரமான தப்பு.

சாதிக் திரும்பிப் பார்த்தான். ஆல்வின் திரும்பிப் பார்த்தான். பியூலா மட்டும் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்து ரோஸ்மில்க் வந்தது. தணிகாசலம் டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"மேடம், கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"தப்பு பண்ணேன்."

"உங்க பேப்பரைக் காட்டுங்க."

அவர் தயங்கினார். பியூலா கையை நீட்டியபடியே நின்றாள். வேறு வழியில்லாமல் கொடுத்தார்.

பார்த்து வாசிக்க எழுதிவந்த தாளில், மூன்றாவது பாட்டின் பதினெட்டாவது இடத்தில், சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு அந்தத் தப்பான சுரத்தை அழகாக எழுதி வைத்திருந்தார்.

சாதிக் எட்டிப் பார்த்தான். பிறகு சிரித்த சிரிப்பில் ரோஸ்மில்க் மூக்கில் ஏறி, அவனைப் பிடித்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

தணிகாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருட சர்வீஸில் யாரும் அவரைப் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை.

"இதோ பாருங்க மேடம். தப்பு பண்ணலன்னாலும் கிடையாது, பண்ணாலும் கிடையாது. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை எனக்கு சோலோ வேணும். இல்லன்னா அதோட நான் நின்னுக்கறேன். வேற ஆள் பாத்துக்குங்க."

மற்ற இருவரும் பியூலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கிளாரினெட் வாசிக்க ஆள் கிடைப்பது இந்தக் காலத்தில் சுலபமில்லை. அது பியூலாவுக்கும் தெரியும்.

"சரி அங்கிள். ஞாயித்துக்கிழமை உங்களுக்குத்தான்."

இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"பேப்பர் வெச்சுக்கலாமா?"

"தாராளமா. ஸ்டாண்டும் கொண்டுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம். சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் ரூபி, ஸ்டான்லி தம்பதியின் நாற்பதாவது கல்யாண நாள். மட்டன் பிரியாணி, இருநூறு பேர்.

தணிகாசலம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். ஸ்டாண்டை விரித்து நாலு பக்கத்தையும் கிளிப் போட்டு நிறுத்தினார். பெடஸ்டல் ஃபேன் தாளைப் பறக்கவிடாதபடி ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபார்த்தார்.

பேச்சுகள் ஆரம்பித்தன. பாதிரியார் பேசினார். ஸ்டான்லியின் அண்ணன் பேசினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து மகன் வீடியோ காலில் பேசி, பாதியில் படம் உறைந்து, மறுபடி முதலிலிருந்து பேசினான்.

அந்த முக்கால் மணி நேரமும் தணிகாசலம் தன் நாலு பக்கத்தை உதடு அசைய மனதுக்குள் வாசித்துக்கொண்டிருந்தார். ஃபேன் காற்று நேராகக் கிளாரினெட்டின் வாயில் அடித்துக்கொண்டிருந்தது.

கிளாரினெட்டின் வாயில் நாணல் பட்டை ஒன்று கட்டியிருக்கும், ரீட் என்பார்கள். அது எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட வித்வானையும் சந்தியில் நிறுத்திவிடும். ஊத ஆரம்பிக்கும் குழந்தைக்குக்கூட முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது. தணிகாசலம் மறந்துபோனார்.

கேக் வெட்டினார்கள். பந்தி தொடங்கியது. பியூலா ஒன், டூ என்று எண்ண, பாட்டு புறப்பட்டது.

ஒருதரம் எல்லோரும் சேர்ந்து உள்ளபடி வாசித்து முடித்தார்கள். பியூலா தணிகாசலத்தைப் பார்த்தாள். தலையசைத்தாள்.

முதல் வரி கச்சிதம். மொட்டை மாடியில் எப்படியோ அப்படியே. ஹாலில் ஒருவரும் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிரியாணியில் எலும்பு தேடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது வரி. ஒரு சுரத்திலிருந்து மேலே தாவ வேண்டிய இடம்.

கீச்.

இருநூறு தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

தணிகாசலத்தின் விரல் நின்றுவிட்டது. பேண்டில் அவருக்கு மேலிருந்தவர் கீச் விட்டவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். தணிகாசலம் ஒருநாளும் ஓடியதில்லை. இன்று இருநூறு பேர் முன்னால் ஓடுவதுபோல இருந்தது. வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

பியூலாவைப் பார்த்தார்.

அவள் இடது கையை பேஸின் கழுத்திலிருந்து கீழே, வெகு கீழே இறக்கினாள். அவ்வளவு பெரிய வாத்தியத்திலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் எடுத்தாள்.

கீச்.

அதே சுரம். கிட்டத்தட்ட அதே கிறீச்சல்.

சாதிக் டிரம்ஸின் சிம்பல் தட்டு ஓரத்தைக் குச்சியால் உரசினான். அதுவும் ஒரு கீச். ஆல்வின் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். தாளம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தணிகாசலம் தாளைப் பார்த்தார். அடுத்த சுரம் அங்கே இருந்தது. நீல மையில், சரியாக, தயாராக. ஆனால் இப்போது நடந்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உதட்டையும் ரீடையும் நாக்கால் நனைத்தார். அந்தக் கீச் எந்தச் சுரத்தில் விழுந்ததோ அதே சுரத்தைத் தேடிப்பிடித்து, மெதுவாக ஊதினார். இந்தமுறை அது உருண்டையாக, சின்னதாக வந்தது.

பியூலா அதற்கு அடியில் ஒன்று வைத்தாள்.

அவர் ஒரு படி இறங்கினார். அவளும் இறங்கினாள். அவர் நின்றார். அவள் நிற்கவில்லை. சரி என்று அவர் மேலே ஏறினார்.

அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. வாத்தியத்தைக் கையில் எடுத்த நாளிலிருந்து இதுதான் முதல்முறை. பயமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷமாகவும் அவர் இருந்ததில்லை.

ரூபி கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஸ்டான்லியை நடுவே இழுத்து வந்து ஆடினாள். ஸ்டான்லிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி நாலு மாதம். ஒரு கால் அரைத் தாளம் பிந்தி விழுந்தது. தணிகாசலம் அதைப் பார்த்துவிட்டார். அந்தப் பிந்திய கால் விழும் இடத்தில் எல்லாம் ஒரு சுரம் போட்டார். ஸ்டான்லிக்குத் தான் சரியாக ஆடுவதாகத் தோன்றி, இன்னும் தைரியமாக ஆடினார்.

ஒரு சுற்றின் நீளம் முடிந்தது. பியூலா ஆல்வினைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆல்வின் மாட்டேன் என்று தலையாட்டினான்.

"அங்கிளே வாசிக்கட்டும்."

வாசித்தார். இன்னொரு முழுச் சுற்று. ஃபேன் கிளிப்பைப் பிடுங்கி நாலு பக்கத்தையும் பந்தி மேசைப் பக்கம் கொண்டுபோனதை அவர் பார்க்கவே இல்லை.

பாட்டு முடிந்ததும் ஹால் அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். பாதிரியாராகவும் இருக்கலாம்.

தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். பியூலா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ரூபி மூச்சு வாங்க மேடைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"பிரதர், ப்ளீஸ். கீச்சுன்னு ஒண்ணு விட்டீங்களே, அதுலேர்ந்து கடைசிவரைக்கும் வாசிச்சது. அப்படியே இன்னொரு தடவை வாசிங்க. ஆட்டத்துல இவரு ஃபோன்ல எடுக்காம விட்டுட்டாரு."

அப்படியே வாசிப்பது. தணிகாசலத்துக்கு இந்த உலகத்தில் வேறெதையும்விட நன்றாகத் தெரிந்த வேலை அது. எழுந்து நின்றார். கிளாரினெட்டை வாயில் வைத்தார். விரல்களைத் துளைகளின் மேல் வைத்து, முதல் சுரத்தைத் தேடினார்.

தேடிக்கொண்டே நின்றார்.

மூவரும் காத்திருந்தார்கள். ரூபி ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

"அது போயிடுச்சும்மா."

"போயிடுச்சா? இப்பதானே வாசிச்சீங்க!"

"இப்பதான் போச்சு. வேற ஒண்ணு வாசிக்கிறேன்."

"என்ன வாசிப்பீங்க?"

"வாசிச்சாத்தான் தெரியும்," என்றார் தணிகாசலம்.