பலசரக்குக் கடைக்குப் பெயர் வைத்த ஓமம்

முன்னொரு காலத்தில், உப்புக்கு ஒரு கடை, புளிக்கு ஒரு கடை என்று, ஒரு குழம்பு வைக்க ஊரையே சுற்ற வேண்டிய நாடு ஒன்று இருந்தது. அங்கே வெயிலாச்சி என்ற கைம்பெண் எல்லாச் சாமானையும் ஒரே கூரையின் கீழ் வைத்து விற்றாள். அவள் கடையில் சனம் மொய்த்தது. கடுகுக் கடையில் ஈ மொய்த்தது. கடுகுக் கடைக்காரர் அமைச்சர் மாவலிராயரின் மைத்துனர்.

அமைச்சர் அரசரின் காதைக் கடித்தார். அரசருக்கு ஒழுங்குக் கிறுக்கு பிடித்திருந்த நேரம் அது. ஆணை பிறந்தது: "கடையில் உள்ள சரக்கெல்லாம் கடையின் பெயரில் இருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் கடைக்குப் பூட்டு. பெயரைச் சுருக்கிச் சொல்பவனுக்குச் சவுக்கடி."

ஆச்சி விகடகவி சடையாண்டியிடம் வந்தாள். "கடைய மூடிட்டா எம்புள்ளைக மண்ணத்தான் திங்கணும், சாமி."

"மூடாதே ஆச்சி. பேரை எழுது."

"எம்புட்டு நீளம் வரும் தெரியுமா?"

"வரட்டும். ஊர்ல மரத்துக்கா பஞ்சம்?"

எழுதினாள். பலகையின் தலை கடை வாசலில் கிடந்தது. வால் ஆற்றைத் தாண்டி அக்கரையில் கிடந்தது. சனங்கள் அதையே பாலமாக்கிக்கொண்டார்கள். நம்பாதவர்கள் ஆற்றைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் "எந்தக் கடைக்குப் போகிறாய்?" என்று சேவகர்கள் வழிமறித்ததால், சவுக்குக்குப் பயந்து ஒருவரும் கடைக்கு வரவில்லை. ஆச்சி மட்டும் நாள்தோறும் கடையைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

ஒருநாள் அரசர் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தனியாளாக முடித்துவிட்டுச் சபைக்கு வந்தார். வயிறு முரசு கொட்டியது. ஓமம் கொடுத்தால் அடங்கும் என்றார் வைத்தியர். அரண்மனையில் ஓமம் தீர்ந்திருந்தது. ஓமத்துக்கென்று தனிக் கடையும் ஊரில் இல்லை.

"எங்கே கிடைக்கும்?" என்றார் அரசர்.

சடையாண்டி கைகட்டி எழுந்தான். "ஒரே கடையில்தான், பிரபு. மிளகு சீரகம் வெந்தயம் சோம்பு மஞ்சள் மல்லி..."

"கடையைச் சொல்லடா."

"பெயர் பாதியில் நின்றுவிட்டது, பிரபு. பாதிப் பெயர் சுருக்கிய பெயராகிவிடும். முதலிலிருந்து சொல்கிறேன். மிளகு சீரகம் வெந்தயம்..."

அரசர் முனகினார். சடையாண்டி மரியாதையாக நிறுத்தினான். மறுபடி மிளகில் தொடங்கினான்.

"மாவலிராயரே, நீராவது சொல்லும்."

"சடையாண்டி நன்றாகத்தான் சொல்கிறான், பிரபு" என்று அமைச்சர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

அடுத்த முறை பெருங்காயம்வரை வந்தபோது அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "பல சரக்கும் விற்கிற கடை என்று சொல்லித் தொலையேன்!"

சடையாண்டி கும்பிட்டான். "நாங்கள் சொன்னால் சுருக்கம். தாங்கள் சொன்னால் அதுவே பெயர். பலசரக்குக் கடைக்கு ஓர் ஆளை அனுப்புங்கள், பிரபு."

ஓமம் வந்தது. அரசர் விட்ட ஏப்பத்தில் கோபுரத்துப் புறாக்கள் இடம் மாறின. பிறகு சிரித்தார், சிரித்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியின் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும்?"

"பலகை பாலமாகவே இருக்கட்டும், பிரபு. மாவலிராயருக்கு அக்கரையில்தான் வீடு. கடக்கும்போதெல்லாம் அதில் இருப்பதை உரக்கப் படித்துக்கொண்டே போகட்டும்."

அப்படியே ஆயிற்று. ஆச்சி கடையில் மறுபடி சனம் மொய்த்தது. அமைச்சரும் தினமும் படித்துக்கொண்டே வீடு போனார். கடுகு வரும் இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் கம்முமாம்.