தட்டிப் பார்க்காத மரம்

ஒரு காட்டில், ஓடைக்கரை ஓரமாக, ஓர் இலுப்பைத் தோப்பு இருந்தது. காடு எல்லோருக்கும் பொது. ஆனால் அந்தத் தோப்பு மட்டும் கரடியாருக்குச் சொந்தம். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. கரடியிடம் போய் அதை யாரும் கேட்டதில்லை.

கரடியாருக்கு இலுப்பைப் பூ என்றால் உயிர். மரத்தில் புழு விழுந்தால் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. அதனால் செம்பி என்ற மரங்கொத்தியை வேலைக்கு வைத்திருந்தார். விடிந்தது முதல் உச்சிவெயில் வரை செம்பி ஒவ்வொரு மரமாக ஏறுவாள். அலகால் தட்டுவாள், காது கொடுத்துக் கேட்பாள், புழு இருக்கும் இடத்தைக் கொத்தி எடுப்பாள். எடுத்த புழு அவளுக்கே. குடியிருக்கத் தோப்பின் நடுமரத்தில் ஒரு பொந்தும் உண்டு.

நல்ல வேலைதான். ஆனால் கரடியார் வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. மரம் சுத்தமாக இருந்தால் "உம்" என்பார். புழு இருந்தால் "உம்?" என்பார். அவ்வளவுதான்.

மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, மைனா ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள்.

"செம்பி, என் பொந்தைக் கிளி பிடிச்சுக்கிட்டா. முட்டை வைக்கிற நாள் நெருங்கிடுச்சு. எனக்குக் கொத்தவும் தெரியாது, சண்டை போடவும் தெரியாது. நான் எங்க போவேன்?"

செம்பிக்கு மனசு கேட்கவில்லை. தோப்பு வேலைதான் முடிந்துவிட்டதே! பட்டுப்போன மருத மரம் ஒன்றை அவள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். அதில் ஏறித் தட்டினாள். 'டொக், டொக்' என்றது. உள்ளே உலர்ந்து, வெளியே உறுதியாக இருக்கும் மரம் அப்படித்தான் பதில் சொல்லும். அன்றிலிருந்து தினமும் மாலையில் வந்து கொத்தினாள். ஒரு வாரத்தில் வட்ட வாசலோடு வீடு தயார்.

மைனா தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். "அடி அம்மா, என்ன அழகு! காத்து வருது, சாரல் வராது. நீ நல்லா இருக்கணும் செம்பி!" என்று சொல்லி, வாய் நிறையக் கறையான் கொண்டுவந்து கொடுத்தாள்.

கறையான் ருசியாகத்தான் இருந்தது. அதைவிட அந்த வார்த்தை ருசித்தது. மறுநாள் தோப்பில் புழு பொறுக்கும்போதுகூட அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

செய்தி பரவியது. வேறொரு கிளி வந்தாள், ஆந்தை வந்தார். "என் வேலை முடிஞ்சு சாயங்காலம்தான் வருவேன். ஒண்ணு முடிச்சுட்டுத்தான் அடுத்தது" என்றாள் செம்பி. முணுமுணுத்தார்கள். ஆனாலும் காத்திருந்தார்கள்.

அந்தக் காட்டில் ஒரு குயில் இருந்தான். நல்ல குரல்காரன். கூடு கட்டும் தொல்லை அவனுக்கு இல்லை. அதனால் அடுத்தவர் தொழிலுக்கு யோசனை சொல்ல நிறைய நேரம் இருந்தது.

"ஏம்மா செம்பி, இத்தனை திறமையை வச்சுக்கிட்டு இன்னும் கரடிக்குப் புழு பொறுக்கிட்டிருக்கியே?" என்றான் குயில்.

"அதுதானே அண்ணே என் பொழைப்பு."

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வச்சா எந்தக் கால் உருப்படும்? துணிஞ்சவனுக்குத் துக்கமில்ல. வேலையைத் தூக்கிப் போடு. காடு முழுக்க நான் கூவிச் சொல்றேன். ஆள் கூட்டி வர்றது என் பொறுப்பு, கொத்துறது உன் பொறுப்பு. பழம் வந்தா எனக்கு, பூச்சி வந்தா உனக்கு."

குயிலின் குரலில் சொன்னால் எதுவுமே இனிமையாகத்தான் இருக்கும். செம்பிக்குத் தலை கிறுகிறுத்தது. நேரே கரடியாரிடம் போனாள். அவர் ஒரு மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நாளையிலேருந்து நான் வேலைக்கு வரல."

"சொந்தத் தொழிலா?"

"ஆமாங்கய்யா."

கரடியார் தேய்ப்பதை நிறுத்தினார். "செய்யேன், நல்லதுதான். ஆனா ஒரு ஆடிக் காத்தைப் பாத்துட்டு அப்புறம் போயேன்."

"ஏங்கய்யா?"

"இப்ப முட்டை வைக்கிற காலம். எல்லாருக்கும் வீடு வேணும். ஆடியில யாருக்கு வேணும்?"

'தன் மரத்துக்குப் புழு எடுக்க ஆள் இல்லாமப் போயிடுமேன்னு பேசுறாரு' என்று நினைத்துக்கொண்டாள் செம்பி. அன்றே பொந்தைக் காலி செய்தாள். கரடியார் "உம்" என்றார். மறுநாளே மீன்கொத்தி ஒருவன், "நானும் கொத்துற பரம்பரைதானுங்க" என்று சொல்லி வேலையில் சேர்ந்துவிட்டான்.

பங்குனி பிறந்தது. குயில் சொன்னபடியே செய்தான். கூவோ கூவென்று கூவினான். திருவிழாவுக்கு வருவதுபோல் பறவைகள் வந்தன.

"எல்லாருக்கும் ஒரே நாள்ல வீடுன்னு சொல்லிட்டேன்" என்றான்.

"ஐயோ அண்ணே! ஒரு பொந்துக்கு ஒரு வாரம் ஆகுமே!"

"வாக்குக் கொடுத்தாச்சு. எப்படியாவது முடிச்சுடும்மா."

செம்பி விழுந்து விழுந்து கொத்தினாள். அலகு வலித்தது, கழுத்து வலித்தது. முன்பெல்லாம் தோப்புக்குப் போகிற வழியில் எந்த மரம் பட்டுப்போனது, எது உறுதியானது என்று பார்த்து வைப்பாள். இப்போது எங்கே பார்ப்பது? குயில் காட்டிய மரத்தில் கொத்தினாள். தட்டிக் கேட்பதற்கும் நேரமில்லாமல் போயிற்று.

அப்போது மைனாவின் தங்கை வந்தாள். "எங்க அக்கா, உன்னைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு சொன்னா. அவ வீடு மாதிரியே எனக்கும் ஒண்ணு வேணும் செம்பியக்கா."

செம்பி சுற்றுமுற்றும் பார்த்தாள். நல்ல மரம் எதுவும் கண்ணில் படவில்லை.

"அதோ, அக்கரையில முருங்கை இருக்கே!" என்றான் குயில். "மெத்துனு இருக்கும். மத்தியானத்துக்குள்ள முடிச்சுடலாம்."

"முருங்கையா? தட்டிப் பாத்துத்தான் சொல்லணும் அண்ணே."

"நீ தட்டிக்கிட்டு நில்லு. பின்னால கிளிக்கூட்டமே நிக்குது, பாத்தியா?"

செம்பி பின்னால் பார்த்தாள். கிளிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. போய் முருங்கையில் கொத்தினாள். அலகு சுலபமாக இறங்கியது. உண்மையைச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சித்திரையில் கூட்டம் குறைந்தது. வைகாசியில் நின்றே போயிற்று. எல்லோருக்கும்தான் வீடு கிடைத்துவிட்டதே! ஒரு வீட்டில் இருப்பவருக்கு இன்னொரு வீடு எதற்கு?

"நான் கூவிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் குயில். பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் மாம்பழம் பழுத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் பறந்துபோனான்.

செம்பிக்கு வயிறு காய்ந்தது. காட்டின் மற்ற மரங்களில் ஏற்கெனவே வேறு மரங்கொத்திகள் இருந்தன. பக்கத்தில் போனாலே விரட்டின. ஓடைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் இலுப்பைத் தோப்பைப் பார்த்து எச்சில் விழுங்குவாள். திரும்பிப் போகலாம். ஆனால் எந்த முகத்தோடு போவது?

அந்த வருஷம் ஆடிக் காற்று ஆனியிலேயே வந்துவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். முருங்கை எம்மாத்திரம்?

"செம்பியக்கா! வீடு ஆடுது! ஓடி வாயேன்!"

மைனாத் தங்கையின் குரல். செம்பி பறந்து போனாள். மரம் பொந்து வாசலுக்கு நேராக விரிசல் விட்டிருந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் 'மடக், மடக்' என்று வாய் பிளந்தது. உள்ளே, இரண்டாம் முறை பொரித்த, இறகு முளைக்காத குஞ்சுகள். கீழே ஓடையின் பாறைகள்.

செம்பி கொத்திய வீடு. அவளை நம்பி வைத்த முட்டைகள். அந்த மரத்தைப் பிடித்து நிறுத்தக்கூடிய கை காட்டிலேயே ஒருவருக்குத்தான் இருந்தது. அவரிடம்தான் அவளால் போக முடியவில்லை.

ஒரு குஞ்சு 'கீச்' என்றது. அவ்வளவுதான். வெட்கமாவது மானமாவது! காற்றைக் கிழித்துக்கொண்டு தோப்புக்குப் பறந்தாள்.

"ஐயா! முருங்கை முறியுது! உள்ள குஞ்சு இருக்கு! நான் கொத்தின வீடு!"

'நான் அப்பவே சொன்னேனே' என்று கரடியார் சொல்லவில்லை. நீங்களும் நானுமாக இருந்தால் சொல்லியிருப்போம். அவர் ஓடினார். ஓடையைத் தாண்டினார். இரண்டு கையாலும் முருங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். காற்று அவரையும் சேர்த்து ஆட்டியது.

"இது நிக்காது. வீட்டோட சேத்துத் துண்டா எடுத்துடலாம். விரிசலுக்குக் கீழ நீ கொத்து. தட்டிப் பாத்துக் கொத்து!"

செம்பி தட்டினாள். அந்த மரத்தை அவள் தட்டிப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

'பொத்' என்றது. இன்னும் கீழே தட்டினாள். 'பொத்.' ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அழுகை வந்தது. அழுதுகொண்டே கொத்தினாள். பொந்தும் குஞ்சுகளுமாக ஒரு துண்டு கரடியாரின் கையோடு வந்தது. மீதி மரம் பாறைமேல் சாய்ந்து தூள் தூளாகியது.

கரடியார் அந்தத் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு காலில் நடந்தார். "மெதுவா! மெதுவா! ஆட்டாதீங்க!" என்று தலைக்கு மேல் மைனாத் தங்கை கத்திக்கொண்டே வந்தாள். "உம்" என்றார் கரடியார். தோப்பின் நடுமரத்தில் இரண்டு கிளைகளுக்கு நடுவே துண்டைச் செருகி நிறுத்தினார். பக்கத்திலேயே செம்பியின் பழைய பொந்து காலியாகக் கிடந்தது.

குஞ்சுகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "உன்னை நம்பித்தானே அக்கா வந்தேன்?"

செம்பி தலை குனிந்தாள். "தப்பு என் மேலதான். குஞ்சு பறக்கட்டும். நல்ல மருத மரத்துல புதுசாக் கொத்தித் தர்றேன். நீ ஒண்ணும் தர வேண்டாம்."

போக எழுந்தவளைக் கரடியார் கூப்பிட்டார். "நாளைக்கு விடியக்காலையில வந்துடு."

செம்பியால் நம்ப முடியவில்லை. "மீன்கொத்தி இருக்காரே ஐயா?"

"அவன் மரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். ஒரு மீன்கூட வரலைன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்."

செம்பி சிரித்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஐயா, என் சாயங்காலத் தொழிலை மட்டும் விடச் சொல்லாதீங்க."

"நான் எப்ப விடச் சொன்னேன்?" என்றார் கரடியார். "நல்லாத்தான் கொத்துறே."

மறுநாளிலிருந்து காலையில் தோப்பு, மாலையில் தொழில். மைனாத் தங்கைக்குக் கொடுத்த வாக்கை முதலில் முடித்தாள். வீடு கேட்டு ஆள் வராத மாதங்களில் என்ன வேலை கிடைக்கும் என்று மெல்ல மெல்லக் கண்டுகொண்டாள். ஐப்பசி மழையில் ஒழுகிய பொந்துகளுக்கு வாசலைத் திருத்திக் கொடுத்தாள். மார்கழிக்கு முன் அணில்களுக்குக் கொட்டை சேர்த்து வைக்கக் குழி கொத்தினாள். சில மாதம் கை நிறைய வந்தது. சில மாதம் ஒன்றும் வரவில்லை. வராத மாதத்திலும் வயிறு காயவில்லை, தோப்பு இருந்தது.

"நீ சீக்கிரமே சொந்தத் தொழிலுக்கே போயிடுவே போலிருக்கே" என்றார் கரடியார் ஒரு நாள். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"இன்னொரு ஆடி பாத்துட்டுப் போறேங்கய்யா" என்றாள் செம்பி.

மறுபடி மாசி வந்தது. குயிலும் வந்தான்.

"என்னம்மா செம்பி, இன்னும் கரடிகிட்டத்தானா? துணிஞ்சவனுக்குத் துக்கமில்லன்னு அன்னைக்கே சொன்னேனே!"

செம்பி ஒரு மரத்தைத் தட்டினாள். காது கொடுத்துக் கேட்டாள். வேலையை முடித்துவிட்டு, அமைதியாகத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க வீடு எந்த மரத்துல இருக்கு?"

குயில் வாயைத் திறந்தான். தூரத்தில் ஒரு காக்கை வருவதைப் பார்த்ததும் விருட்டென்று பறந்துபோனான்.

நீதி: புதுக் கிளை தாங்குமா என்று தட்டிப் பார்க்காமல், நிற்கிற கிளையை விட்டுத் தாவாதே.